ஒன்று புதுசு, இரண்டு பழசு

விடிகாலை ஐந்தரை மணிக்கு எங்கள் குளத்துத் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தவனுக்குத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்கள் பேசுவதெல்லாம் கம்பளிக்குள் இருந்துகொண்டு பேசுகிற பேச்சு.

அந்தத் தண்ணீரில்தான் நல்லமுத்து தினமும் முங்குவான். நான் கரையில் நின்று கயிற்றைப் பிடிப்பேன். அவன் இடுப்பில் ஒரு முனை, என் கையில் ஒரு முனை. அவன் கீழே போய்ச் சேர்ந்ததும் ஒரு இழுப்பு இழுப்பான். ஒரு இழுப்பு என்றால் 'இருக்கேன்'. இரண்டு இழுப்பு என்றால் 'தூக்கு'. நாலு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட பாஷை அது.

எங்கள் தோட்டத்து ஸ்டோர் ஓடுவது தண்ணீரால். தேயிலை அரைக்கிற பாக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஸ்டோருக்கு மேலே, இரண்டு மலைக்கு நடுவில், ஓடையை மறித்து வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய குளம். குளத்தின் அடியிலிருந்து ஒரு இரும்புக் குழாய் சரிவில் இறங்கிப் போய் டர்பைனைச் சுற்றும். டர்பைன் சுற்றினால் ரோலர் சுற்றும், தேயிலை அரையும், கொழும்பில் யாரோ வயிறு வளர்ப்பான். குழாயின் வாயில் ஒரு கம்பித் தட்டி இருக்கிறது. ராத்திரி மழை பெய்தால் சவுக்கு இலையும் யூக்கலிப்டஸ் பட்டையும் வந்து அந்தத் தட்டியை அடைத்துக்கொள்ளும். மேல் பாதியை வாரியால் கரையிலிருந்தே இழுத்துவிடலாம். கீழ்ப் பாதி பதினாறு அடி ஆழம். அதற்கு ஆள் முங்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் நீச்சல் தெரிந்தவன் நல்லமுத்து ஒருவன்தான். இளவட்டமாக இருந்தபோது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அணைக்கட்டு வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தான். அந்த வித்தை அவன் தலையில் வந்து விடிந்தது.

குழாய் வாயை மூட ஒரு இரும்புக் கதவு உண்டு. கதவை இறக்கக் கரையில் ஒரு சக்கரம் உண்டு. சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டும் உண்டு. சாவி ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயாவின் மேசைக்குள். கதவை இறக்கினால் அரைமணி நேரம் ஸ்டோர் நிற்குமாம், வாட்டத்துக்குப் பரப்பிப் போட்ட தேயிலைக் கொழுந்து கெட்டுப்போகுமாம். மனுஷன் கெட்டுப்போனால் பரவாயில்லை. ஆகவே குழாய் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதேதான் நல்லமுத்து முங்கினான்.

தட்டியின் கீழ்மூலையில் இரண்டு கம்பி துருவேறி ஒடிந்து ஒரு ஓட்டை. கை அதற்குள் போனால் தண்ணீர் விடாது. அந்த ஓட்டையைப் பார்த்து விலகிக்கொள்ளத்தான் முங்கு லைட்டு. பெரிய சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பெட்டரி போடுகிற நீட்டு டோர்ச், அவ்வளவுதான். டோர்ச்சை எரியவிட்டு, அதன்மேல் சைக்கிள் டியூபை இழுத்து மாட்டி, கண்ணாடியைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றி, வாலைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவோம். சேற்றுத் தண்ணீரில் ஒரு முழத்துக்கு வெளிச்சம் தரும். அந்த ஒரு முழத்தில்தான் அவன் உயிர் இருந்தது.

பெட்டரி விஷயத்தில் டீமேக்கர் ஐயாவுக்கு ஒரு சட்டம். மாதத்துக்கு ஒன்று புதுசு, இரண்டு பழசு.

"மூணையும் ஒரேயடியா மாத்தினா கம்பெனி தாங்குமா? எரியுதுதானே? எரியிற வரைக்கும் எரியட்டும்" என்பார். அவருடைய பங்களாவில் ரேடியோப் பெட்டிக்குப் போகிற பெட்டரியைப் பற்றி மட்டும் இந்தச் சட்டம் வாயைத் திறக்காது.

செத்த பெட்டரிக்கு உயிர் கொடுக்க எங்கள் சனத்துக்கு ஒரு வழி தெரியும். சூடு காட்டுவது. கீழ்நாட்டில் என்றால் வெயிலில் வைப்பார்கள். எங்கள் மலையில் ஆடி மாதத்தில் வெயிலை எங்கே தேடுவது? அடுப்புத் திட்டில் வைப்போம். நான் ஸ்டோரில் தேயிலை காய்கிற போரணையில் வேலை செய்கிறவன். போரணையின் தகரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் செத்ததும் எழுந்து உட்காரும்.

அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். ராத்திரி முழுக்க மழை. தட்டி அடைபட்டு டர்பைன் முக்கிக்கொண்டிருந்தது. மூன்று பெட்டரியையும் போரணைமேல் வைத்து, சூட்டோடு டோர்ச்சில் போட்டேன். அடேயப்பா, என்ன வெளிச்சம்! பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அக்கரைப் பாறை வரைக்கும் போனது.

"ஜொலிக்குது மச்சான், கல்யாண வூட்டு லைட்டு மாதிரி. பயமில்லாம போ" என்றேன்.

நல்லமுத்து உடம்பெல்லாம் எண்ணெய் பூசி நின்றான். பல் தந்தி அடித்தது. என் வாயிலிருந்த பீடியை வாங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அணைச்சிராத மச்சான், வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

தண்ணீருக்குள் மஞ்சளாக ஒரு வட்டம் கீழே கீழே போயிற்று. கயிற்றில் ஒரு இழுப்பு. 'இருக்கேன்.' குப்பை மேலே வரத் தொடங்கிற்று. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். மஞ்சள் வட்டம் சிவந்தது. அணையப்போகிற அடுப்புக்கரி நிறம். பிறகு ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் கறுப்பாக இருந்தது.

இரண்டு இழுப்பு வரும் என்று காத்திருந்தேன். வந்தது இழுப்பு இல்லை. கயிறு துடித்தது. பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். கயிறு விறைத்து நின்றது, அசையவில்லை. ஓட்டை கையைப் பிடித்துவிட்டது என்று புரிந்தது. சக்கரத்துக்கு ஓடினேன். சங்கிலி. பூட்டு. கல்லால் அடித்தேன். வெள்ளைக்காரன் பூட்டு, உடைந்தால்தானே!

"டர்பைன நிப்பாட்டு!" என்று கத்தினேன். ஸ்டோர் கீழே முந்நூறு கெஜத்துக்கு அப்பால், அதுவும் பனிக்குள். என் சத்தம் பாதிவழிகூடப் போயிருக்காது. ஆனால் சரிவில் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்டுகளுக்குக் கேட்டது. காளியாயி அக்காவின் தொண்டை முதலில் அதை எடுத்தது. "டர்பைன நிப்பாட்டு!" அவளுக்குக் கீழே இன்னொருத்தி, அவளுக்கும் கீழே இன்னொருத்தி. எவளும் எதற்கு என்று கேட்கவில்லை. மலையிலிருந்து மலைக்குச் சத்தம் போடுகிற சனம் அல்லவா, அந்தச் சொல் நாலு மூச்சில் ஸ்டோருக்குள் விழுந்தது.

உள்ளே இஞ்சின் பார்க்கிற லியனார்ட் அண்ணன் யாரையும் கேட்காமல் வால்வைச் சுற்றி மூடினார். டீமேக்கர் ஐயா "யார்ரா நிப்பாட்டச் சொன்னது?" என்று பாய்ந்து வந்தாராம். "யாருக்கோ உசிர் போகுதுங்க" என்றாராம் இவர், கை சக்கரத்தை விடாமல்.

கயிறு தளர்ந்தது. ஓடிவந்த பெண்டுகளும் நானும் இழுத்தோம். நல்லமுத்து மேலே வந்தான். இடது கை விரல்கள் கிழிந்து தொங்கின. வாயில் நுரை. வலது கை மட்டும் டோர்ச்சை விடவில்லை. அந்தச் செத்துப்போன டோர்ச்சை அவன் விரலைப் பிரித்துத்தான் எடுத்தோம். குப்புறப் போட்டு முதுகை அமுக்கியதில் தண்ணீர் வந்தது, பிறகு மூச்சும் வந்தது. கண் திறக்கவில்லை. கம்பளியில் தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கிப் போய், வட்டகொடை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றி வந்த லொறியை மறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவன் பெண்சாதி சண்முகவடிவு கொழுந்துக் கூடையைக் கழற்றாமலே லொறியில் ஏறிவிட்டாள்.

நான் குளத்துக்குத் திரும்பி வந்தேன். பீடி கரையில் நனைந்து கிடந்தது.

மத்தியானம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு வெள்ளைத்துரை போய் நம்நாட்டுத் துரை வந்து இரண்டு வருஷம். தொப்பிக்குள் தலைதான் மாறியது. மேசைமேல் முங்கு லைட்டு பிரிந்து கிடந்தது. பக்கத்தில் மூன்று பெட்டரி.

"இது என்ன மூக்கன்?" என்று ஒன்றை உருட்டிவிட்டார் துரை. அதன் காகிதத்தில் ஒரு கறுப்புத் தழும்பு. அடியில் வெள்ளை வெள்ளையாகக் கசிந்திருந்தது.

"பெட்டரிங்க தொரை."

"பெட்டரின்னு எனக்குத் தெரியும். இது நெருப்புல வச்ச பெட்டரி. கம்பெனி சாமானைச் சூடு காட்டி நாசம் பண்ணியிருக்கான். அதனால டோர்ச் நின்னது, அதனால கை போனது. யார் குத்தம்?"

போரணை கண்முன் நின்றது.

"புதுசு குடுத்திருந்தா எதுக்குங்க தொரை சூடு காட்டப் போறோம்?" என்றேன், அதுவும் அரைக்குரலில்.

டீமேக்கர் ஐயா குறுக்கே விழுந்தார். "ஒண்ணாந் தேதி ஒண்ணு குடுத்தேன். இவனுக அதை லயத்துக்குக் கொண்டுபோய்ச் சீட்டாடியிருப்பானுக."

துரை கையை உயர்த்தினார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. "ஆனா சட்டம் சட்டம்தான். நல்லமுத்துவுக்குப் பத்துச்சீட்டு. பெண்சாதிக்கும் சேர்த்து. மாசக் கடைசியில காம்பரா காலியாகணும். நாளைக்கு நீ முங்கு."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க!"

"கயிறு இருக்குதானே?"

அந்த மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. மெய்யாகவேதான் சொன்னார். முங்காவிட்டால் எனக்கும் பத்துச்சீட்டு என்றார்.

பத்துச்சீட்டு என்றால் உங்களுக்குத் தெரியாது. தோட்டத்தை விட்டு வெளியே போ என்கிற காகிதம் அது. ஆணுக்குக் கொடுத்தால் பெண்ணும் போக வேண்டும். வெளியே என்றால் எங்கே? எங்களுக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை. எங்கள் தாத்தன் விட்டு வந்த இந்தியாவில் பேரும் இல்லை. வரிசையாகக் கட்டிய லயத்தில் எட்டுக்குப் பத்து அடிக் காம்பரா, அந்த ஒரு அறைதான் நாங்கள் நிற்கிற மண். அதையும் பிடுங்கினால் விரல் போன மனுஷனைத் தூக்கிக்கொண்டு வடிவு எந்த ரோட்டில் நிற்பாள்?

ஆனால் என்னைத் தின்றது பத்துச்சீட்டு இல்லை. 'ஜொலிக்குது மச்சான், பயமில்லாம போ.' சொன்னது என் வாய். சூடு காட்டியது என் கை. அங்கே வாயைப் பொத்திக்கொண்டு வந்தவனும் நான்தான். என்னைப் போலப் பாவி உண்டா?

சாயந்தரம் வடிவு மாற்றுத்துணி எடுக்க லயத்துக்கு வந்தாள். மூன்று விரலை எடுத்துவிட்டார்களாம். நெஞ்சில் தண்ணீர் கட்டியிருக்கிறதாம். கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரிக்குத் தங்கவிடவில்லை என்று அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள். காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் காளியாயி அக்கா அவளுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். லியனார்ட் அண்ணனும் வந்து கம்பத்தில் சாய்ந்து நின்றார். டர்பைனை நிப்பாட்டியதற்கு அவருக்கும் கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

நான் வடிவின் முன்னால் குந்தினேன். ஒளிக்க முடியவில்லை.

"தங்கச்சி, நான்தான் அவனக் கொன்னேன். போரணை மேல வச்சு சூடு காட்டுனது நான். எரிஞ்சத பார்த்து நம்பி அனுப்பிட்டேன். தொரை கேட்டப்ப வாய மூடிக்கிட்டு வந்துட்டேன். காறித் துப்பு தாயி, வாங்கிக்கிறேன்."

அவள் என்னையே பார்த்தாள். துப்புவாள் என்றுதான் நினைத்தேன்.

"பெட்டரியில கறுப்பா தழும்பு இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு. இருட்டுல போட்டப்ப நான் கவனிக்கல."

"போரணைத் தகரத்துல அப்புடிக் கருகாதுண்ணே. அது என் அடுப்பு. முந்தாநாள் அந்திக்கு அதுகள மடியில கட்டிக்கிட்டு வந்தாரு. நாளைக்கு மழைன்னாரு. அவரு தூங்கினப்புறம் நான்தான் எடுத்து அடுப்புக்குள்ள சாம்பல்ல புதைச்சு வச்சேன். நல்லா சூடேறட்டும்னு வச்சேன். ஒண்ணு கருகிருச்சு. சொன்னா ஏசுவாருன்னு தொடைச்சி மடியிலயே வச்சிட்டேன். காலையிலேர்ந்து நெஞ்சு வெடிக்குது. என் கையாலேயே என் தாலிய..."

சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

லியனார்ட் அண்ணன் தொண்டையைச் செருமினார். மாதா கோயிலுக்குப் போகிற மனுஷன், பொய் சொல்லத் தெரியாது.

"அடியில வெள்ளையா கசிஞ்சதுக்கு நீங்க ரெண்டு பேரும் காரணம் இல்ல" என்றார். "போன கிழமை நல்லமுத்து எங்கிட்ட வந்தான். 'அண்ணே, ஏதாச்சும் பண்ணுங்க, அஞ்சு நிமிசம் கூட எரிய மாட்டேங்குது'ன்னான். நான்தான் ஆணியால ஓட்ட போட்டு உப்புத்தண்ணி விட்டுக் குடுத்தேன். கரண்டு படிச்சவன் நான். சூட்டுல வந்த உசிரு சில்லுத்தண்ணியில நிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஒரு பழசு சேர்ந்தா புதுசையும் அது தின்னுரும்னும் தெரியும். தெரிஞ்சும் டீமேக்கர்கிட்ட சொல்லப் பயந்துட்டு உப்புத்தண்ணி விட்டேன்."

மூன்று பேரும் ஒரே பெட்டரியை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பிழிந்திருக்கிறோம். மூன்று பேரும் காலையிலிருந்து தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

காளியாயி அக்கா தேத்தண்ணிக் கோப்பையை நங்கென்று வைத்தாள்.

"அடச் சீ, எந்திரிங்கடா! பழி ஓரிடம், பாவம் ஓரிடமா? சூடு காட்டுனது நீ, அடுப்புல வச்சது அவ, உப்பு விட்டது இவரு. ஏன் காட்டுனீங்க? புதுசு இருந்துச்சா காட்டுனீங்க? என் வூட்டு டோர்ச்சக் கொண்டாந்து காட்டவா? இந்த லயத்துல சூடு காட்டாத பெட்டரி ஒண்ணு இருந்தா கொண்டாங்க பார்ப்போம். செத்தத குடுத்தவன் பங்களாவுல ரேடியோ கேக்குறான், நீங்க இங்க குந்தி மூக்கச் சிந்துறீங்க!"

அந்த ஏச்சு காதில் விழுந்ததும் எனக்கு ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்தது. எங்கள் சனத்துக்கு இது ஒரு கேடு. அடிப்பவன் அடித்தால் 'என் முதுகு குறுக்கே வந்துவிட்டது சாமி' என்று நாமே சொல்லிக்கொள்வோம்.

அந்தி மங்குவதற்குள் காம்பரா காம்பராவாகப் போய்ப் பேசி முடிவு செய்தோம். தோட்டத்துச் சங்கத் தலைவர் கந்தப்பன் விடிந்ததும் முதல் பஸ்ஸில் அட்டனுக்கு, சங்க ஆபீசுக்குப் போவது. மற்றவர்கள் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போவது, ஆனால் கொழுந்து மலைக்குப் போகாமல் குளத்துக்குப் போவது. தட்டி அடைபட்டால் டர்பைன் நிற்கும். டர்பைன் நின்றால் முதல்நாள் பறித்து வாட்டத்தில் கிடக்கிற கொழுந்து அவிந்து குப்பையாகும். துரைக்கு நம் உயிரின் அருமை தெரியாது, கொழுந்தின் அருமை தெரியும். நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஆள் முங்கும்போது கதவை மூட வேண்டும். மூன்று பெட்டரியும் புதுசாக வேண்டும். யாருக்கும் பத்துச்சீட்டு கூடாது.

மறுநாள் விடிய, பெரட்டுக்களத்தில் தப்பு அடித்து முடிவதற்குள் எல்லோரும் வந்து நின்றோம். அவ்வளவு சனம் அவ்வளவு சத்தமில்லாமல் நின்றதை நான் பார்த்ததில்லை. துரை, டீமேக்கர் ஐயா, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா மூன்று பேரும் வந்தார்கள். ஒரு காகிதத்தில் நல்லமுத்துவின் குற்றத்தை எழுதி வைத்திருந்தார்கள்.

"மூக்கன், கைநாட்டு வை. நல்லமுத்து பெட்டரியைச் சூடு காட்டினதை நீ பார்த்தே. வச்சிட்டுக் குளத்துக்குப் போ."

முன்னால் போனேன்.

"அவன் காட்டலீங்க தொரை. காட்டுனது நான்."

"என்ன?"

"அடுப்புல வச்சது நானுங்க" என்று வடிவு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பெட்டரியில ஓட்டை போட்டது நான்" என்றார் லியனார்ட் அண்ணன்.

துரையின் முகம் சிவந்தது. "விளையாடுறீங்களா? எனக்கு ஒரு ஆள் வேணும். ஒரு பேர் வேணும். யார் பேரை எழுதட்டும்?"

"நாங்கன்னு எழுதிக்கிங்க" என்றாள் காளியாயி அக்கா, கூட்டத்தின் நடுவிலிருந்து.

"நாங்கன்னா யார்? எத்தனை பேர்?"

"பெரட்டுல நிக்கிறவங்கள எண்ணிக்கிங்க தொரை. நீங்கதான தெனமும் எண்ணுறீங்க."

பின்னால் எங்கேயோ ஒருவன் சிரித்தான். அது பரவியது. டீமேக்கர் ஐயா, "இன்னிக்கு யாருக்கும் பேர் கிடையாது! எல்லாரும் அனுபவிப்பீங்க!" என்று கத்தினார். பேர் என்றால் அன்றைக்கு வேலை செய்ததற்குப் போடுகிற அடையாளம். அது இல்லையென்றால் அன்றைக்கு அடுப்பு இல்லை. தெரிந்துதான் நின்றோம். பெண்டுகள் கூடையோடு திரும்பிக் குளத்துப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள்.

குளத்துக்கரையில் குந்தினோம். மழை தூறியது. படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டோம். இரண்டு நாள் குப்பை சேர்ந்து குழாயின் வாயை அடைத்தது. கீழே டர்பைனின் சத்தம் இறங்கி இறங்கி முனகலாயிற்று. எட்டு மணி சுமாருக்கு அதுவும் நின்றுவிட்டது. ஸ்டோர் இல்லாமல் அந்த மலை அத்தனை அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காற்று திரும்பியபோது அவிந்த கொழுந்தின் புளித்த நாற்றம் மேலே வந்தது.

சந்தோஷமாக இருந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயமாக இருந்தது. பிள்ளைகளுக்கு ராத்திரிக்கு மாவு இல்லை. பொலிஸ் வரும் என்றார்கள். வடிவு ஆஸ்பத்திரிப் பக்கத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போ தங்கச்சி" என்றேன். "ஒம்போது மணிக்கு முன்னால உள்ள விட மாட்டாங்கண்ணே. அதுவரைக்கும் இங்க இருக்கேன்" என்றாள்.

அப்போதுதான் கண்டாக்கையா மூச்சு வாங்க மேலே ஏறிவந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"இந்தாங்கடா. தொரை குடுத்துவிட்டாரு, பெட்டரி. மூக்கன், சட்டுப்புட்டுனு எறங்கு. கொழுந்து நாசமாப் போகுது."

பொட்டலத்தைப் பிரித்தேன். மூன்று பெட்டரி. மூன்றும் பளபளவென்று இருந்தன. நேற்றைக்கு முந்தின நாள் என்றால் அதைப் பார்த்தே மயங்கியிருப்பேன்.

"அவசரப்படாத" என்றார் லியனார்ட் அண்ணன்.

ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பெருவிரலால் அடியை அமுக்கினார். நாக்கு நுனியில் வைத்தார். சனம் முழுக்கச் சுற்றி நின்றது. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும்போதுகூட எங்கள் பெண்டுகள் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பிறகு நான் மூன்றையும் சைக்கிள் டியூபுக்குள் போட்டு இரண்டு முனையையும் கட்டிக் குளத்துத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன். கையே மரத்துப் போயிற்று. சூட்டில் பார்ப்பது ஒரு பார்வையா? சில்லுத்தண்ணியில்தானே எங்கள் ஆள் முங்குகிறான்! நூறு எண்ணி எடுத்தேன். லியனார்ட் அண்ணன் ஒரு பல்பையும் வயர்த் துண்டையும் வைத்துத் தனித்தனியாகத் தொட்டுக் காட்டினார்.

முதலாவது எரிந்தது, வெள்ளையாக. இரண்டாவதும் வெள்ளையாக. மூன்றாவது எரிந்தது, மஞ்சளாயிற்று, சிவந்தது, அவிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். மேல் காகிதம் மட்டும் புதுசு. பழைய பெட்டரிக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டு புதுசு குடுத்திருக்காங்களேடா, இன்னும் என்ன?" என்றார் கண்டாக்கையா. அவர் குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

"கதவுச் சாவி எங்கங்கய்யா?"

"அதெல்லாம் நீங்க கேக்கக் கூடாது."

"பத்துச்சீட்டு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வடிவு எழுந்தாள். மூன்று பெட்டரியையும் என் கையிலிருந்து வாங்கி, ஈரத்தை முந்தானையில் துடைத்து, அவர் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு புதுசா வரணும்னு சொல்லுங்கய்யா. அதோட சாவியும் வரட்டும். அந்தக் காகிதத்தையும் கிழிச்சுக் கொண்டாங்க. அதுவரைக்கும் இந்தத் தண்ணியில ஒரு ஆளும் கால் வைக்காது."

அவர் போனார். வழுக்குப் பாதையில் இரண்டு தரம் தடுமாறினார். ஸ்டோரின் கூரை பனிக்குள் மறைந்தும் தெரிந்தும் கிடந்தது.

நான் உட்கார்ந்து யோசித்தேன். விரல் போன மனுஷன் கண் திறக்கவில்லை. கந்தப்பன் அட்டனிலிருந்து திரும்பவில்லை. பொலிஸ் லொறி எந்த வளைவில் வருகிறதோ தெரியாது. ராத்திரிக்கு மாவுக்கு வழி இல்லை. ஆனால் நாலு வருஷமாக ஒன்று புதுசு, இரண்டு பழசு. ஒரு காலைப்பொழுது குந்தியதில் இரண்டு புதுசு, ஒரு பழசு. இந்த வித்தியாசம் யாரும் போட்ட பிச்சை இல்லையே! அடக் கடவுளே, இது இத்தனை நாளும் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு அழுகை வந்தது. அழுதேன். காளியாயி அக்கா ஏசவில்லை.

முங்குகிற கயிறு என் மடியில் சுருண்டு கிடந்தது. மற்ற முனை எங்கே என்று நான் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட இன்னும் நேரம் இருந்த வடிவு அதைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் கரைநெடுக இருந்த பெண்டுகளும் ஆம்பிளைகளும், குளிருக்கோ எதற்கோ, ஆளுக்கொரு பிடியாகக் கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.

என் கையில் ஒரு இழுப்பு வந்தது.

நான் திருப்பி ஒரு இழுப்பு இழுத்தேன்.